சளியை இளக்கினால் போதுமா?

ஆடாதோடைச் செடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆடுகூடத் தொடாத கசப்பு என்பதால்தான் அந்தப் பெயர் என்பார்கள். அதன் இலையைக் கஷாயம் வைத்து, நாம் முகம் சுளிக்கச் சுளிக்கப் பாட்டி வாயில் ஊற்றியிருப்பாள். நெஞ்சுச் சளி இளகும் என்பது அவள் கணக்கு.

கணக்கு தப்பவில்லை! ஊட்டியில் சென்னை மாகாண அரசுக்கு கொய்னா மருந்து ஆய்வாளராக இருந்த டேவிட் ஹூப்பர், 1888-ல் அந்த இலையிலிருந்து 'வாசிசின்' என்ற சத்தைப் பிரித்துக் காட்டினார். அதை மாதிரியாக வைத்து ஜெர்மனியில் செய்த மருந்துதான் 'ப்ரோம்ஹெக்சின்'. 1963-ல் கடைக்கு வந்தது. உடம்புக்குள் போனதும் அது மாறும் பொருள்களில் ஒன்று 'ஆம்ப்ராக்சால்'. இருமல் சிரப் பாட்டிலில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்!

சரி, சளி இளகிவிட்டது. வெளியே தள்ளுவது யார்? இருமல்தான். இரும முடியாத நோயாளி என்றால்? இளகிய சளியே அவருக்கு மூச்சை அடைக்கும்!

இதற்கு விடை, ப்ரோம்ஹெக்சின் வருவதற்கு 11 வருஷம் முன்பே டென்மார்க்கில் கிடைத்துவிட்டது. 1952-ல் கோபன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் சூறையாடியது. நெஞ்சுத் தசையும் தொண்டையும் செயலிழந்து, சளியைத் துப்பக்கூட முடியாமல் நோயாளிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

ஆகஸ்ட் 27. மயக்கமருந்து டாக்டர் ப்யோர்ன் இப்சன், 12 வயசுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளை போட்டுக் குழாய் செருக ஏற்பாடு செய்தார். சளியை உறிஞ்சி எடுத்தார். ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுத்தார். சிறுமி பிழைத்தாள்!

அப்புறம் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு ராப்பகலாகப் பையை அமுக்கினார்கள். பக்கத்தில் நர்சுகள். சளியை உறிஞ்சுவதும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும் ஓயாமல் நடந்தது. மூச்சுத்தசை முடங்கியவர்களில் 100-க்கு 80-க்கு மேல் இருந்த சாவு, பாதிக்கும் கீழே இறங்கியது.

உங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர் இருக்கலாம். சிரப் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அடிக்கடி புரட்டிப் படுக்கவையுங்கள். தலைமாட்டை உயர்த்துங்கள். உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவது எப்படி, யாருக்குத் தட்டலாம் என்பதை ஒரு நர்சிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொண்டையில் 'கரகர'வென்று சத்தம் கேட்டும் இரும முடியவில்லையா? அடுத்த வேளை மருந்துக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்!