பச்சிளங்குழந்தைகளுக்கான செவித்திறன் பரிசோதனை

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்பதை முதல் சில நாட்களிலேயே கண்டறியும் சோதனை. 1,000 குழந்தைகளில் 1 முதல் 3 பேர் வரை நிரந்தரச் செவித்திறன் குறைபாட்டுடன் பிறக்கின்றனர். வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. கைதட்டிப் பார்ப்பதும் நம்பகமானதன்று.

முறைகள்: 1978இல் இங்கிலாந்தின் டேவிட் கெம்ப், உட்காது தானே மெல்லொலி எழுப்புவதைப் பதிவுசெய்தார். அதன் அடிப்படையில் அமைந்தது ஓஏஇ சோதனை. தூங்கும் குழந்தையின் காதில் மென்மையான சிறு முனையைப் பொருத்தி ‘டிக் டிக்’ ஒலியைச் செலுத்துவர். நலமான உட்காது எதிரொலி தரும். சில நிமிடங்களில் முடியும்; வலி இல்லை. செவிநரம்புக் கோளாறு இதில் தப்பிவிடக்கூடும். ஆகவே அக்கோளாறுக்கு அதிக வாய்ப்புள்ள, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு, தலையில் மின்முனைகள் ஒட்டி நரம்பின் மறுமொழியை அளக்கும் ஏபிஆர் சோதனை தேவை.

முடிவு: காதில் தங்கிய பிரசவ நீர், மாவு போன்ற படிவு ஆகியவற்றாலும் முதல் சோதனை தவறலாம். அதனால் பெற்றோர் அஞ்ச வேண்டாம். ஆனால் மறுசோதனையைத் தவிர்க்கவே கூடாது.

காலக்கெடு: 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் நோயறிதல், 6 மாதத்துக்குள் சிகிச்சை. மொழி வேரூன்றும் பருவம் காத்திருக்காது.