அறைக்குள் ஒரு பயணமும் வட்டத்தொட்டியும்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழகத்தில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. தென்காசி தனி மாவட்டமாகி அப்போது நான்கு மாதமே ஆகியிருந்தது. 65 வயது தாண்டியவர்கள் வெளியே தலைகாட்ட வேண்டாம் என்று அரசு சொன்னது. பரணில் கிடந்த பல்லாங்குழி இறங்கியது. தாயக்கட்டம் தரையேறியது. தூர்தர்ஷனில் பழைய ராமாயணம் மறுபடி ஓடியது. இரண்டு மூன்று வாரத்தில் எல்லாமே சலித்தும் போயிற்று. வீட்டுக்குள் இருந்துகொண்டே பொழுதை இனிதாக்குவது எப்படி என்பதற்கு, முன்பே வழி கண்ட இருவர் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

முதலாமவர் சேவியர் த மேஸ்திர். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அறிமுகமானவர். சவோய் நாட்டைச் சேர்ந்த ராணுவ அதிகாரி. 1790-இல் ஒருவரோடு வாள்சண்டை போட்டதற்காக இத்தாலியின் துரின் நகரில் 42 நாள் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். மனிதர் முகத்தைத் தொங்கப்போட்டு உட்காரவில்லை. தன் அறையையே ஒரு தேசமாகப் பாவித்துச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து சுவரில் தொங்கும் படங்களுக்கு. ஒவ்வொன்றும் ஓர் ஊர். வழித்துணைக்கு ஒரு வேலையாள், ரோசின் என்ற நாய். இந்தப் பயணத்தை 42 அத்தியாயங்களாக எழுதினார். பிரெஞ்சு இலக்கியத்தில் அந்தச் சிறு நூலுக்கு இன்றும் இடம் உண்டு.

இரண்டாமவர் நம்மவர், ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். சட்டம் படித்தவர். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையத் துறையில் ஆணையராக இருந்தவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டின் தொட்டிக்கட்டு வட்டமாக இருக்கும். ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் அங்கே கூடுவார்கள். அதனால் அந்தக் கூட்டத்துக்கே 'வட்டத்தொட்டி' என்று பெயர் வந்தது. பாஸ்கரத் தொண்டைமான், பிற்காலத்தில் நீதிபதியான மகராஜன் போன்றவர்கள் அதில் தமிழ் ருசி கண்டவர்கள். கம்பன் பாட்டு ஒன்றை எடுத்தால் டி.கே.சி. அவசரப்பட மாட்டார். ஒரு சொல்லில் நிற்பார், திரும்பச் சொல்வார், எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்த பிறகுதான் அடுத்த அடிக்குப் போவார்.

பின்னாளில் அவர் குற்றாலத்தில் குடியமர்ந்தார். அந்தக் காலக் குற்றாலத்தில் சீசன் முடிந்தால் ஆள் அரவம் குறைந்துவிடும். ராஜாஜியும் கல்கியும் வந்து தங்குவார்கள் என்றாலும் தினமும் யார் வருவார்கள்? வட்டத்தொட்டியில் கூடியவர்களெல்லாம் உத்தியோகம், வழக்கு என்று ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். டி.கே.சி. கடிதம் எழுதினார். அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது, சாரல் எப்படி இருக்கிறது, யார் வந்தார்கள், எந்தப் பாட்டைப் பேசினோம் என்றெல்லாம் எதிரில் உட்கார்ந்து பேசுவது போலவே எழுதினார். 1954 பிப்ரவரி 16-இல் அவர் மறைந்த பிறகு அந்தக் கடிதங்கள் நூல்களாக வந்தன. தமிழில் கடித இலக்கியம் என்று பேச்செடுத்தால் அவர் பெயரைத் தவிர்க்க முடியாது.

இருவரையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. தனியாக அடைபட்ட த மேஸ்திர்கூடத் தன் இன்பத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. படிக்கப்போகும் யாரோ ஒருவருக்காக எழுதினார். டி.கே.சி.க்கோ, கேட்க ஒருவர் இல்லாமல் ரசனையே இல்லை. வீட்டில் எத்தனை வசதி இருந்தாலும், 'இதைக் கேளேன்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

2020 சீசனில் அருவிகளில் குளிக்க அனுமதி இல்லை. ஆனால் சாரலுக்கு யார் தடை போட முடியும்? செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து தென்காசி மொட்டைமாடிகளை வழக்கம்போல் நனைத்தது. அப்போது ஓய்வுபெற்ற நண்பர்கள் ஐந்து பேர் நாங்கள் ஞாயிறு மாலை 5 மணிக்குத் தொலைபேசியில் கூடினோம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வாரம் ஒரு பாட்டு. ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் பேசுவோம். ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் அருவியைப் பார்க்கப் போக முடியாத எங்களுக்கு, அந்த ஒரு மணி நேரம் அருவிக்கரையாக இருந்தது. மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

2021 மே மாத அலையில் ஐவரில் ஒருவர் போய்விட்டார். எங்களில் நன்றாகப் பாடத் தெரிந்தவர் அவர்தான். மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு, மூச்சு வாங்கியதால் பாடவில்லை. மற்றவர்கள் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், 'அடுத்த வாரம் என் முறை' என்றார்.

ஊரடங்கு போய்விட்டது. ஆனால் பிள்ளைகள் வெளியூரில், முழங்கால் வலி வீட்டில் என்று இருக்கும் நம் வயதுக்காரர்கள் பலருக்கு அது இன்னும் முழுசாக முடியவில்லை. பக்கத்து ஊரில் உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். ஒரு பாட்டோ, பழைய சினிமாவோ, இன்றைய சாரலோ, எதையாவது சொல்ல அவரைக் கூப்பிடுங்கள். ஞாயிறு 5 மணி நல்ல நேரம்.