ஓசெல்டாமிவிர் எதிர்ப்புத்திறன் (எச்1என்1)

ஓசெல்டாமிவிர், ஃப்ளூ வைரஸின் நியூராமினிடேஸ் நொதியை முடக்கி, புதிய வைரஸ்கள் செல்லை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும் மருந்து. எச்1என்1 வகையில் அந்த நொதியின் 275ஆம் இடத்தில் ஹிஸ்டிடினுக்குப் பதில் டைரோசின் அமைந்தால் மருந்து சரியாகப் பொருந்தாது. இம்மாற்றம் வைரஸையே நலிவடையச் செய்வதால் பரவாது என்று முதலில் கருதினர். ஆனால் 2007-08 குளிர்காலத்தில், இம்மருந்தை அரிதாகவே பயன்படுத்திய நார்வேயில் அது பெருமளவில் தென்பட்டது. அடுத்த பருவத்துக்குள் உலகின் பருவகால எச்1என்1 ஏறக்குறைய முழுவதும் எதிர்ப்புப் பெற்றுவிட்டது. மருந்தின் நெருக்கடி இல்லாமலே எதிர்ப்பு வேரூன்றியதுதான் இதில் மிகவும் கவலைக்குரியது. 222, 234ஆம் இடங்களில் நேர்ந்த வேறு மாற்றங்கள், செல்லின் மேற்பரப்பை எட்டும் நொதியின் அளவைக் கூட்டி அந்த நலிவை ஈடுகட்டியதை ஆய்வாளர்கள் ஜெஸ்ஸி புளூம், டேவிட் பால்டிமோர் ஆகியோரின் குழு 2010இல் விளக்கியது. மற்றொரு ஃப்ளூ மருந்தான ஸனாமிவிர் தொடர்ந்து பலனளித்தது. 2009 பெருந்தொற்று எச்1என்1 இந்தப் பழைய வைரஸை அகற்றி அதன் இடத்தைப் பிடித்தது; அதில் பெரும்பகுதி ஓசெல்டாமிவிருக்குக் கட்டுப்பட்டது.