பந்தல்: கீற்றிலிருந்து தகரம் வரை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தெரு என்பது நடப்பதற்கு மட்டும் உள்ள இடம் அல்ல. பட்டு நெசவாளர்கள் விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், பாவை நீளமாக இழுத்துக் கட்டிச் சரிசெய்வது தெருவில்தான். அதே தெருவில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் பந்தலும் அங்கேதான் போட வேண்டும். தறி வேலை நாள்கணக்கில் நிற்க முடியாது. ஆகவே பந்தல் ஒரே நாளில் எழும்ப வேண்டும், காரியம் முடிந்ததும் ஒரே நாளில் இறங்க வேண்டும். இரண்டு மூன்று ஆட்கள், ஒரு வண்டிச் சாமான், அதற்குள் முடிய வேண்டும். பந்தலுக்கு முதல் தேவை எடை குறைவாக இருப்பது என்பது இதனால்தான்.

தமிழர்களுக்குப் பந்தல் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலன் திருமணம் நீல நிறத் துணி விதானமும் முத்தும் கொண்ட பந்தலின் கீழ்தான் நடக்கிறது. அதே காப்பியத்தில் வச்சிர நாட்டு மன்னன் சோழனுக்குத் திறையாகக் கொடுத்தது ஒரு முத்துப்பந்தல்! மகத மன்னன் பட்டிமண்டபமும், அவந்தி மன்னன் தோரணவாயிலும் கொடுத்தார்கள். மண்டபத்துக்கும் வாயிலுக்கும் சமமாகப் பந்தல் மதிக்கப்பட்டது என்பது இதிலிருந்து தெரிகிறது.

கும்பகோணத்தை அடுத்த பட்டீசுவரத்தில் இன்னொரு கதை வழங்குகிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர் கடும் வெயிலில் நடந்து வந்தபோது, சிவபெருமான் பூதகணங்களிடம் முத்துப்பந்தல் கொடுத்தனுப்பி அவருக்கு நிழல் பிடிக்கச் செய்தாராம். அங்கே ஆனி மாதம் இன்றும் முத்துப்பந்தல் விழா நடக்கிறது. நடப்பவரோடு கூடவே நகர்ந்து வரும் பந்தல் எவ்வளவு லேசாக இருந்திருக்க வேண்டும்! வெயில் நாட்டு மக்களின் ஆசை அந்தக் கதையில் இருக்கிறது.

முத்து அரசர்களுக்கும் கடவுளுக்கும். சாதாரண மக்களுக்குத் தென்னங்கீற்றும் மூங்கிலும் கயிறும்தான். கீற்றைத் தூக்குவது சுலபம். சூடான காற்று அதன் இடுக்கு வழியே மேலே போய்விடும், அதனால் அடியில் குளுமை. ஆணியும் வேண்டாம், முடிச்சு போதும். 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டி சென்னைக் கடற்கரை ஓரங்களில் சவுக்கு பயிரிடப்பட்டது. நேராகவும் மலிவாகவும் கிடைத்த அந்தச் சவுக்குக் கம்பு பின்னர் பந்தல்காரர்களின் முக்கியமான சாமான் ஆயிற்று.

ஆனால் லேசான பொருள் வேகமாக எரியும் பொருளும்கூட. இதைத் தமிழ்நாடு பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது.

1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்குக்காகப் போடப்பட்ட யாகசாலைப் பந்தலில் தீப்பிடித்தது. தீயிலும் நெரிசலிலும் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்தது. மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் மதிய உணவுச் சமையலறையில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். அது பந்தல் அல்ல, கூரை. ஆனால் பொருள் அதே கீற்றுதான். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது.

அப்படியானால் கீற்றை விட்டுத் துணிக்கு மாறினால் போதுமா? துணிப் பந்தலான சாமியானா வட இந்தியாவில் வெகுகால வழக்கம். அங்கே ஹரியானா மாநிலம் தப்வாலியில் 1995 டிசம்பர் 23 அன்று பள்ளி விழா ஒன்றுக்குப் போட்ட செயற்கை இழைப் பந்தல் பற்றிக்கொண்டது. உருகிய துணி கீழே இருந்தவர்கள் மேல் விழுந்தது. வெளியேற வழி குறைவு. குழந்தைகளும் பெற்றோருமாக 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆக, கீற்று மட்டுமே குற்றவாளி அல்ல. எரியும் கூரையும் ஒற்றை வாசலும் சேர்ந்ததுதான் ஆபத்து.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு பந்தல்களுக்கென்றே ஐ.எஸ். 8758 என்ற விதித் தொகுப்பை வைத்திருக்கிறது. செயற்கைத் துணியும் செயற்கைக் கயிறும் கூடாது, கூரை 3 மீட்டருக்குக் குறையக் கூடாது, மின்கம்பிக்கு அடியில் பந்தல் போடக் கூடாது, பக்கத்துக் கட்டடத்திலிருந்து இடைவெளி வேண்டும் என்கிறது அது. படிக்க எளிது. நெருக்கமான நெசவாளர் தெருவில் கடைப்பிடிப்பது கடினம். வீட்டுக்கும் வீட்டுக்குமே இடைவெளி இல்லாத இடத்தில் பந்தலுக்கு எங்கிருந்து இடைவெளி வரும்?

இன்று கீற்றின் இடத்தைப் பெரும்பாலும் தகரம் பிடித்துவிட்டது. தகரம் எரியாது. ஆனால் நண்பகலில் அடியில் உட்கார முடியாது. அந்தச் சூட்டை மறைக்கவும் அழகுக்காகவும் தகரத்துக்கு அடியில் வண்ணத் துணி கட்டுகிறார்கள். அது பல இடங்களில் செயற்கை இழைத் துணி. அதன் பக்கத்திலேயே சீரியல் விளக்குகள்! மேலே பாதுகாப்பு, உள்ளே பழைய ஆபத்து.

பந்தல் சொல்லும்போது எல்லோரும் கேட்பது, எத்தனை அடி, என்ன வாடகை, எப்போது பிரிப்பீர்கள் என்பதைத்தான். இரண்டு கேள்விகளைக் கூடச் சேர்க்க வேண்டும். உள்ளே கட்டும் துணி பருத்தியா, அதைச் சுடாத தூரத்தில் விளக்கு இருக்கிறதா? தெருவின் இரண்டு முனையும் திறந்திருக்குமா? பருத்தியும் எரியும்தான், ஆனால் உருகித் தலையில் சொட்டாது. நூலைப் பற்றி அறிந்த பிள்ளையார்பாளையத்தில் துணியைத் தொட்டே பதில் சொல்லிவிடுவார்கள். வழியைப் பற்றிய கேள்வியைத்தான் யாராவது கேட்க வேண்டும்.