உள்ளாட்சிப் பிரதிநிதித்துவம் (சேந்தமங்கலம், கொல்லிமலை)

நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலம், கொல்லிமலை ஒன்றியங்களில் ஊர்க் காரியங்களை முடிவு செய்யும் மன்றங்களில் யார் யாருக்கு இடம் கிடைத்தது என்பதைக் கூறும் வரலாறு. மலைமேல் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையர், அடிவாரத்தில் சிறுபான்மையர். பிரதிநிதித்துவச் சிக்கல் இந்த வேறுபாட்டில்தான் தொடங்குகிறது.

மரபு
கொல்லிமலை முன்பு 'நாடு'களாகப் பிரிந்திருந்தது. ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் முதலியோர் வழக்குகளைத் தீர்த்தனர். இப்பதவிகள் பெரும்பாலும் வாரிசு வழி வந்தவை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு ஆகிய ஊராட்சிகள் அப்பெயர்களை இன்றும் தாங்கியுள்ளன.

சட்டம்
1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் ஒன்றியங்களை அமைத்தது. ஆனால் 1970க்குப் பின் ஊராட்சித் தேர்தல் 1986இல்தான் நடந்தது. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், மூன்றில் ஒரு பங்காகப் பெண்களுக்கும் இடம் ஒதுக்கின. 2016இல் பெண்கள் பங்கு பாதியாக உயர்ந்தது.

உறுப்பினர் இடங்கள் அந்தந்த ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்தவை. தலைவர் பதவிகளுக்கோ மாநில அளவிலான விகிதமே கணக்கு. 2011 கணக்கெடுப்பில் பழங்குடியினர் சுமார் 1.1 விழுக்காடு. ஆகவே அடிவாரச் சிற்றூர்களில் சிதறி வாழ்பவர்களுக்கு ஒதுக்கீடு எளிதில் எட்டுவதில்லை.

வாக்குப்பதிவு
ஊரக வாக்காளர் நான்கு வாக்குச்சீட்டுகளில் முத்திரை குத்துவார்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஒன்றியத் தலைவரைக் கவுன்சிலர்களே தேர்ந்தெடுப்பர்.

வழக்கும் தாமதமும்
பழங்குடியினர் ஒதுக்கீடு முறையாக இல்லை என்று தொடரப்பட்ட வழக்கில், 2016 அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 நாள்களில்தான் வாக்குப்பதிவு நடந்தது.

குறைகள்
பழங்குடிக் கிராமசபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கே பொருந்தும். தமிழ்நாட்டில் அத்தகைய பகுதி அறிவிக்கப்படவில்லை. அதனால் கொல்லிமலைக் கிராமசபைக்கு அவ்வதிகாரம் இல்லை. சட்டமன்றத்தில், மாநிலத்தின் இரு பழங்குடித் தனித் தொகுதிகளுள் சேந்தமங்கலம் ஒன்று, மற்றது ஏற்காடு.

2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குச் சென்றது.