நடுநிலை வகுப்புப் பாடத்திட்டங்களும் பாடமொழியும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளை நடுநிலை வகுப்புகள் என்று வழங்குகிறோம். மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகிய அடிப்படைப் பாடங்களில் இவ்வகுப்பு மாணவர் எவற்றைக் கற்க வேண்டும் என்பதைத் தேசிய அளவில் வரையறுக்கும் முயற்சிகள் 1937 முதல் நடைபெற்று வந்துள்ளன. அம்முயற்சிகளின் விளைவாக எழுந்த அறிக்கைகளையும் பாடத்திட்டங்களையும் மொழியியல் நோக்கில் படிப்போர்க்கு ஒரு செய்தி புலப்படும். எந்தெந்த மொழிகளைக் கற்பிப்பது, எத்தனை மொழிகளைக் கற்பிப்பது, எந்த மொழியின் வழியாகக் கற்பிப்பது என்னும் மூன்று வினாக்களுக்கு அவை விரிவாக விடை தேடியுள்ளன. கணிதத்தையோ அறிவியலையோ கற்பதற்கு அம்மொழியின் எந்தெந்தக் கூறுகள் மாணவருக்குக் கைவர வேண்டும் என்னும் நான்காவது வினாவை அவை போதிய அளவு எழுப்பவில்லை.

இந்நான்காவது வினாவின் பொருளை இக்கட்டுரை 'பாடமொழி' என்று குறிப்பிடுகிறது. பயிற்றுமொழி வேறு, பாடமொழி வேறு. ஒரு பள்ளியின் பயிற்றுமொழி தமிழ் என்றால், அத்தமிழில் ஒன்றை வரையறுக்கவும், காரணம் காட்டவும், இரண்டை ஒப்பிடவும் வேண்டிய சொற்களும் தொடரமைப்புகளும் பாடமொழி ஆகும். தேசியப் பாடத்திட்டங்களில் தொடக்க வகுப்புகளில் சூழ்நிலையியல் என்று ஒன்றாக இருப்பது ஆறாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகப் பிரிகிறது. கணிதத்தில் எண்ணின் இடத்தில் எழுத்து வரத் தொடங்குகிறது. ஆகவே பாடமொழியின் சுமை திடீரென மிகுவது இந்நிலையில்தான். இவ்வகுப்புகளுக்கான திட்டங்களில் பாடமொழி எவ்வாறு கையாளப்பட்டது என்பதைக் கால வரிசையில் காண்பதும், தமிழிலிருந்து சில சான்றுகளைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

2. வார்தாத் திட்டம்

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டையடுத்து, சாகீர் உசேன் தலைமையிலான குழு ஏழாண்டு அடிப்படைக் கல்விக்கான திட்டத்தை வகுத்தது. கைத்தொழில், தாய்மொழி, கணிதம், சமூகக் கல்வி, பொது அறிவியல், ஓவியம், இசை, இந்துஸ்தானி ஆகியவை அதில் இடம்பெற்றன. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான திட்டமாதலால், அதன் இறுதி ஆண்டுகள் இன்றைய நடுநிலை வகுப்புகளோடு ஏறத்தாழ ஒத்தவை.

தாய்மொழிக் கல்வியே கல்வி அனைத்திற்கும் அடிப்படை என்று அக்குழு கருதியது. தெளிவாகப் பேசவும் பிழையின்றி எழுதவும் இயலாதவரிடம் சிந்தனைத் தெளிவு வளராது என்பது அதன் நிலைப்பாடு. நிகழ்ச்சிகளை எழுத்தில் விவரித்தல், கடிதம் எழுதுதல், நூலின் பொருளடக்கத்தையும் அகராதியையும் பயன்படுத்துதல் போன்ற திறன்களைத் தாய்மொழிப் பாடத்தின் குறிக்கோள்களாக அது கூறியது. பிற பாடங்களைக் கைத்தொழிலோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது அத்திட்டத்தின் உயிர்நாடி. நூல் நூற்கும் குழந்தை இழையை அளக்கிறது, எண்ணுகிறது, கணக்கிடுகிறது. கணிதச் சொல் செயலிலிருந்து பிறக்கிறது. பாடமொழி என்னும் கருத்து பெயரளவில் இல்லாவிடினும், சொல்லுக்கு முன் பட்டறிவு என்னும் முறை அங்கே அமைந்திருந்தது எனலாம். அத்திட்டம் நாடு முழுவதும் நிலைபெறவில்லை. அதன் கைத்தொழிற்பகுதியைப் பற்றியே பின்னாளில் மிகுதியாகப் பேசப்பட்டது. மொழிப் பகுதி கவனம் பெறவில்லை.

3. கோத்தாரிக் கல்விக் குழு

1964-இல் அமைக்கப்பட்டு 1966-இல் அறிக்கை அளித்த கோத்தாரிக் கல்விக் குழு, மேல் தொடக்கநிலைக்கு இரு மொழிகள், கணிதம், அறிவியல், சமூகக் கல்வி, கலை, பணி அனுபவம், உடற்கல்வி முதலியவற்றைப் பரிந்துரைத்தது. மூன்றாவது மொழியை இந்நிலையில் விருப்பமாகக் கற்கலாம் என்றது. பொது அறிவியல் என்று கலந்து கற்பிப்பதைவிட, இந்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எனத் துறைவாரியாகக் கற்பிப்பதே பயன் தரும் என்றும் கருதியது.

மொழியியலாருக்கு ஆர்வமூட்டும் ஒரு பரிந்துரை அவ்வறிக்கையில் உண்டு. நான்காம் வகுப்பிலேயே உரோமன் எழுத்துகளைக் கற்பிக்க வேண்டும்; அளவைகளுக்கும் தனிமங்களுக்கும் உரிய அனைத்துலகக் குறியீடுகள் அவ்வெழுத்தில் அமைந்திருப்பதே காரணம் என்று குழு கூறியது. அறிவியல் கற்பதற்கென ஒரு மொழித்தேவை உண்டு என்பதை இங்கே அக்குழு ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் அத்தேவையை எழுத்து வடிவத்தின் எல்லையிலேயே நிறுத்திவிட்டது. குறியீட்டைப் படிக்க எழுத்து வேண்டும் என்று கண்டவர்கள், விளக்கத்தைப் படிக்கத் தொடரறிவு வேண்டும் என்பதைத் தனியே எடுத்துரைக்கவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் விவாதம் முழுவதும் மும்மொழிக் கொள்கையைச் சுற்றியே நிகழ்ந்தது. 1968-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை அதனை ஏற்றது; அதே ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை முடிவு செய்தது. இவ்விவாதத்தின் அரசியல், பண்பாட்டு முதன்மை மறுக்க முடியாதது. எனினும் 'எத்தனை மொழி' என்னும் வினா வளர வளர, 'அம்மொழியால் பாடத்தில் என்ன செய்வது' என்னும் வினா மங்கிப்போனது.

4. 1975 முதல் 1993 வரை

1975-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு பத்தாண்டுப் பள்ளிக்கான பாடத்திட்டச் சட்டகத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் புல்லக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. எல்லாப் பாட ஆசிரியர்களும் மொழிவளர்ச்சிக்குப் பொறுப்புடையவர்கள், மொழி பாடங்கள் அனைத்திலும் ஊடுருவியது என்பது அவ்வறிக்கையின் மையக் கருத்து. இந்தியப் பாடத்திட்ட ஆவணங்களில் இக்கருத்து தெளிவாக இடம்பெற மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

1991-இல் வெளிவந்த குறைந்தபட்சக் கற்றல் நிலைகள் பற்றிய அறிக்கை, மொழி, கணிதம், சூழ்நிலையியல் ஆகிய மூன்றிலும் வகுப்புவாரியாகத் திறன்களைப் பட்டியலிட்டது. கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகியவற்றோடு பயன்பாட்டிலக்கணம், சொல்வளக் கட்டுப்பாடு என்பனவும் மொழிப் பட்டியலில் இருந்தன. ஆனால் மூன்று பட்டியல்களும் மூன்று தனி வாய்க்கால்களாகவே ஓடின. அது ஐந்தாம் வகுப்போடு நின்றது என்பதும் சுட்டத்தக்கது.

1992-இல் அமைக்கப்பட்ட யஷ்பால் குழு 1993-இல் அளித்த 'சுமையற்ற கற்றல்' அறிக்கை, புத்தகப் பையின் எடையைவிடப் புரியாமையின் சுமையே கொடியது என்றது. குழந்தைகள் தம் சூழலில் வழங்கும் சொற்களும் வழக்குகளும் பாடநூல்களில் காணப்படவில்லை என்றும், நூல்களின் நடை செயற்கையானது என்றும் குறை கூறியது. பாடநூல் மொழியைக் கல்விச் சுமையின் ஒரு காரணமாக வெளிப்படையாகக் காட்டியது இவ்வறிக்கையின் சிறப்பு.

5. ஹோஷங்காபாத் முயற்சி

அரசு ஆவணங்களுக்கு வெளியே நிகழ்ந்த ஒரு முயற்சியை இங்குக் குறிப்பிட வேண்டும். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரு அமைப்புகள் அறிவியல் கற்பித்தல் திட்டம் ஒன்றைத் தொடங்கின. 1978-இல் அது மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. 1982-இல் தோன்றிய ஏகலவ்யா அமைப்பு அதனைத் தொடர்ந்து நடத்தியது. 2002-இல் மாநில அரசு அதனை நிறுத்தியது.

'பால வைக்ஞானிக்' என்னும் இந்திப் பாடநூல் இத்திட்டத்திற்காக எழுதப்பட்டது. அதில் வரையறை முதலில் வருவதில்லை. மாணவர் சோதனை செய்கிறார், கண்டதைத் தம் சொற்களில் எழுதுகிறார், வகுப்பில் விவாதிக்கிறார், அதன்பின் கலைச்சொல் அறிமுகமாகிறது. தேர்விலும் நூலைத் திறந்து பார்க்கலாம். மனப்பாடமான தொடருக்கு மதிப்பில்லாத நிலையில், மாணவர் தாமே தொடர் அமைக்க வேண்டியவராகிறார். அறிவியல் வகுப்பையே மொழி வளரும் இடமாக ஆக்கிய முயற்சி என இதனை மதிப்பிடலாம்.

6. 2005 முதல் 2024 வரை

2005-ஆம் ஆண்டின் தேசியப் பாடத்திட்டச் சட்டகம், அறிவியல், சமூக அறிவியல், கணித வகுப்புகளும் இயல்பாகவே மொழி வகுப்புகள்தாம் என்னும் கொள்கையை ஏற்றுக்கொண்டது. கொள்கை அளவில் நான்காவது வினா இங்கே இடம்பெற்றுவிட்டது. நடைமுறைப் பட்டியல்களில் அது இறங்கியதா என்பதே கேள்வி.

2017-இல் கல்வி உரிமைச் சட்ட விதிகள் திருத்தப்பட்டு, எட்டாம் வகுப்பு வரை வகுப்புவாரியாகவும் பாடவாரியாகவும் கற்றல் விளைவுகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டு வெளிவந்த பட்டியலில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு அறிவியல் பகுதிகளை ஒப்பிட்டால், இனங்காணுதல், வேறுபடுத்துதல், வகைப்படுத்துதல், தொடர்புபடுத்துதல், விளக்குதல் என ஏறத்தாழ ஒரே வினைகள் மூன்று ஆண்டும் திரும்ப வருவதைக் காணலாம். மாறுபவை பெரும்பாலும் எடுத்துக்காட்டுப் பொருள்களே. இவ்வினைகள் யாவும் மொழிச்செயல்கள். ஆறாம் வகுப்பு மாணவர் விளக்குவதற்கும் எட்டாம் வகுப்பு மாணவர் விளக்குவதற்கும் இடையே மொழியளவில் இருக்க வேண்டிய வேறுபாடு என்ன என்பதற்குப் பட்டியலில் விடை இல்லை.

2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் அதனடியாக 2023-இல் வந்த பள்ளிக் கல்விச் சட்டகமும் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளை 'நடுநிலை' என்னும் தனிக் கட்டமாக அமைத்தன. மூன்று மொழிகள், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், கலை, உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவை இக்கட்டத்திற்குரியவை. இதற்கிடையே பட்டியலின் பயன் கூர்மையடைந்துள்ளது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, மத்திய அரசின் கீழுள்ள பள்ளிகளில் எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்விலும் அதற்குப் பின் நடக்கும் மறுதேர்விலும் தேறாத மாணவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம். பொருள் தெரிந்தும் பாடமொழி கைவராமல் விடை எழுத இயலாத குழந்தை ஓராண்டை இழக்க நேரிடும். ஆகவே இது இனியும் ஆய்வாளர்க்கு மட்டும் உரிய வினா அன்று.

7. தமிழிலிருந்து சில சான்றுகள்

தேசியப் பட்டியலின் ஒரே வரி மொழிக்கு மொழி வேறான பணியாகிறது என்பதற்குத் தமிழில் சான்றுகள் பல.

முதலாவது, பின்னம். 2/3 என்பதைத் தமிழில் 'மூன்றில் இரண்டு' என்கிறோம். கண் மேலிருந்து கீழே செல்கிறது. நா கீழிருந்து மேலே செல்கிறது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மேலெண்ணே முதலில் வரும். தமிழ் வழக்கு 'மூன்று பகுதிகளில் இரண்டு' என்னும் பொருளைத் தெளிவாகக் காட்டுவதால் கருத்துக்கு உகந்தது. ஆனால் எழுதும்போது வரிசை மாறுகிறது.

இரண்டாவது, இயற்கணிதம். 'ஓர் எண்ணுடன் 5-ஐக் கூட்டி வருவதன் இருமடங்கு' என்னும் தொடரில் செயல்கள் செய்யப்படும் வரிசையிலேயே சொல்லப்படுகின்றன: முதலில் கூட்டல், பின்னர்ப் பெருக்கல். ஆங்கிலத்தில் இருமடங்கு என்பது முதலில் வரும். கணிதக் கோவையிலும் 2 என்பது அடைப்புக்குறிக்கு முன்னே நிற்கும். ஆங்கில வழி மாணவர் கேட்ட வரிசையில் எழுதலாம். தமிழ் வழி மாணவர் தொடர் முழுவதையும் கேட்டுவிட்டு வரிசையை மாற்றி எழுத வேண்டும். 'சொற்றொடரைக் கோவையாக மாற்றுதல்' என்னும் ஒரே வரி இவ்விருவருக்கும் ஒரே பணி அன்று.

மூன்றாவது, வரையறை. 'ஓரலகு பரப்பின் மீது செங்குத்தாகச் செயற்படும் விசை அழுத்தம் எனப்படும்' என்னும் அமைப்பில் வரையறுக்கப்படும் சொல், நீண்ட பெயரெச்சத் தொடரின் பின்னர் வருகிறது. எதைப் பற்றிய செய்தி என்று அறியாமலே மாணவர் அனைத்தையும் நினைவில் தாங்க வேண்டும். 'அழுத்தம் என்பது' என்று தொடங்கினால் சொல் முன்னே நிற்கும். இரண்டும் நல்ல தமிழே. ஆறாம் வகுப்பில் 'என்பது' அமைப்பை மிகுதியாகவும், எட்டாம் வகுப்பில் 'எனப்படும்' அமைப்பைப் படிப்படியாகவும் ஆளலாம். இத்தகைய படிநிலையே பாடமொழித் திட்டமாகும்.

நான்காவது, கலைச்சொல். கடைத்தெருவில் கிலோ கணக்கில் சொல்வது 'எடை'. தமிழ்நாட்டு அறிவியல் நூல்களில் கிலோகிராம் 'நிறை'யின் அலகு. எடை என்பது விசை. இலங்கைத் தமிழ் நூல்களிலோ நிறை என்பது தமிழ்நாட்டார் கூறும் எடையைக் குறிக்கும். தமிழ்நாட்டார் நிறை என்பதை அவர்கள் 'திணிவு' என்பர். சொல்லை மட்டும் கற்பித்தால் குழப்பம் தீராது. வழக்குப் பொருளுக்கும் துறைப் பொருளுக்கும் உள்ள உறவைக் கற்பித்தல் வேண்டும்.

ஐந்தாவது, வினாச்சொற்கள். 'விவரி', 'விளக்குக', 'காரணம் கூறுக' என்பவை மூன்று வேறு விடை வடிவங்களைக் கேட்கின்றன. முதலாவதற்கு நிகழ்வின் வரிசை போதும். இரண்டாவதற்கு 'ஏனெனில்', 'ஆகவே', 'எனில்' போன்ற இணைப்புகள் தேவை. மூன்றாவதற்கு விளைவிலிருந்து காரணத்திற்குப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். இவ்வேறுபாட்டைக் கற்பிக்கும் பொறுப்பு தமிழாசிரியருடையதா அறிவியல் ஆசிரியருடையதா என்பது வரையறுக்கப்படாததால், இருவருமே அதனைக் கற்பிப்பதில்லை என்ற நிலை எளிதில் உண்டாகிறது.

8. முடிவுரை

வார்தாத் திட்டம் சொல்லைச் செயலோடு இணைத்தது. கோத்தாரிக் குழு அறிவியலின் எழுத்துத்தேவையைக் கண்டது. ஹோஷங்காபாத் முயற்சி மாணவரின் சொந்தத் தொடருக்கு இடமளித்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டகம் எல்லா வகுப்பும் மொழி வகுப்பே என்றது. இந்நான்கும் ஒன்றோடொன்று சேரவில்லை. ஆண்டுவாரிப் பட்டியல்கள் இன்றும் பொருளை மட்டுமே வரிசைப்படுத்துகின்றன.

பாடநூல்களை அட்டவணை மொழிகள் இருபத்திரண்டிலும் வெளியிடும் பணி 2023 முதல் பேசப்பட்டு வருகிறது. இந்நிலையில் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் உடனே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. ஒவ்வொரு வகுப்பின் ஒவ்வொரு பாடப் பட்டியலுக்கும் அருகே, அப்பகுதிக்கு வேண்டிய கலைச்சொற்கள், இணைப்புச்சொற்கள், தொடரமைப்புகள், எழுத வேண்டிய விடை வடிவம் ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டும். அதனை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்க இயலாது என்பதை மேற்கண்ட சான்றுகள் காட்டும். தமிழுக்கான பத்தியைத் தமிழிலேயே, வகுப்பறையில் மாணவர் எழுதும் விடைகளைத் தொகுத்து ஆராய்ந்து உருவாக்க வேண்டும். ஆறாம் வகுப்பு அறிவியலின் ஒரேயோர் அலகை எடுத்துக்கொண்டு இதனைத் தொடங்கலாம்.