அசையாப் படங்களின் சாட்சியம்: ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ முடிவும் அதைத் திரும்பிப் பார்க்கும் ஆவணப்படமும்

ராப் குன்ஸ் இயக்கி 2013இல் திரைக்கு வந்த ‘பர்த் ஆஃப் த லிவிங் டெட்’ ஆவணப்படம் பெரிதும் ஒருவர் பேச்சையே நம்பி நிற்கிறது: ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ படத்தின் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ. அப்படத்தின் நாயகன் பென் வேடத்துக்குக் கறுப்பின நடிகர் டுவேன் ஜோன்ஸைத் தேர்ந்தது, நடிப்புத் தேர்வில் அவரே சிறந்து விளங்கியதால்தான். திரைக்கதை பென்னின் நிறத்தைக் குறிப்பிடவில்லை. இதைக் கடைசிவரை மாற்றாமல் சொன்னவர் ரொமேரோ. அந்த வாக்குமூலத்தை அடியொற்றி வளர்ந்த ஆய்வுப்போக்கு ஒன்று, 1968இல் வெளியான அப்படத்தின் இனவரசியலைத் தற்செயல் என்று முடித்துவிடுகிறது. நடிகர் தேர்வு வேறு, படத்தின் கட்டமைப்பு வேறு; இரண்டையும் ஒன்றாக்கியதில் வந்த பிழை அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தற்செயல் கட்சியின் பக்கம் வலுவான சான்று ஒன்று உண்டு. படப்பிடிப்பு நடந்தது 1967இல். முடித்த பிரதியைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க் செல்லும் வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ பலமுறை சொல்லியிருக்கிறார். ஆகவே இப்படத்தை 1968 ஏப்ரல் 4இன் எதிர்வினை என்பவர்கள் பிழைபடுகிறார்கள். இதை ஏற்கிறேன். ஆனால் பென்னின் சாவு கிங்கின் சாவைப் பார்த்து எழுதப்படவில்லை என்பதால், அது எதையும் பார்க்காமல் அமைந்தது என்று ஆகிவிடாது.

திரைக்கதையும் சொல்லப்படுவதுபோல் தீண்டப்படாமல் இருக்கவில்லை. எழுத்தில் பென் எளிய லாரி ஓட்டுநர். கல்வியாளரான ஜோன்ஸ் அப்படிப் பேச மறுத்து வசனங்களைத் தாமே செப்பனிட்டார் என்பது உடன் நடித்த கார்ல் ஹார்ட்மன் தந்த தகவல். பென் பிழைக்கும் மாற்று முடிவு பேச்சில் வந்தபோது, அவன் சாவதே மேல் என்று வாதிட்டதாக ஜோன்ஸும் பேட்டியில் சொன்னார். அவர் 1988இல் மறைந்துவிட்டார்; ஆவணப்படத்தில் குறுக்கிட்டுத் திருத்த அவர் இல்லை.

இனி முடிவுக்கு வருவோம். விடிகிறது. நாய்களுடனும் துப்பாக்கிகளுடனும் தேடுதல் படை புல்வெளியைக் கடந்து வருகிறது. சன்னலோரம் தெரியும் பென்னை நடைப்பிணம் என்று எண்ணி நெற்றியில் சுடுகிறார்கள். அதன்பின் படத்தின் அசைவு நிற்கிறது. அடுத்து வருபவை நிழற்படங்கள்: நாளிதழ் அச்சைப்போல் சொரசொரத்த பரப்பு, இறைச்சிக் கொக்கிகள், அவற்றைப் பிடித்த கைகள், பென்னின் முகம். கடைசியில் அவன் உடல், கல்லறைத் தோட்டத்தில் முதலில் கண்ட நடைப்பிணத்தின் பக்கத்திலேயே கிடத்தப்படுகிறது.

இவற்றைக் கும்பல்கொலை அஞ்சலட்டைகளோடு ஒப்பிடுவோர் உண்டு. அந்த ஒப்பீட்டில் உண்மை இருக்கிறது, ஆனாலும் தயங்குகிறேன். அத்தகைய அட்டைகளில் பலவற்றில் கூட்டம் கேமராவை நோக்கிப் பெருமையோடு நிற்கும். இங்கே சட்டகத்தை நிறைப்பது பெருமையல்ல, வேலை. ஆகவே இவை நினைவுப்பொருளைவிடச் செய்திப்படத்துக்கே நெருக்கமானவை. அதற்கான தயாரிப்பும் படம் முழுக்க நடந்திருக்கிறது. நடைப்பிணங்களுக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைபட்டவர்கள் உலகை வானொலியிலும் தொலைக்காட்சியிலும்தான் அறிகிறார்கள். களத்திலிருந்து செய்தி தருபவராக வருபவரும் பிட்ஸ்பர்க் தொலைக்காட்சியின் பில் கார்டில்தான். இரவெல்லாம் செய்தி கேட்டவன் காலையில் செய்தியாகிறான். படக்குறிப்பு இருக்க வேண்டிய இடத்திலோ கலைஞர்களின் பெயர்கள்.

செலவைக் குறைக்கவே நிழற்படங்கள் என்பார்கள். நிழற்படங்கள் முடிந்ததும் சிதையில் தீ வைக்கப்படுகிறது. அது அசையும் படமாகவே வருகிறது. படச்சுருள் தீர்ந்துவிடவில்லை. பெயர்கள் ஓடுவதற்குப் பின்னணி வேண்டியிருந்தது என்பதற்கு மறுமொழி தேவையில்லை. பின்னணிக்கு ஒரு புல்வெளியே போதும்.

ஆவணப்படம் கலவரக் காட்சிகளையும் வியட்நாம் காட்சிகளையும் ரொமேரோவின் படத்தோடு அடுத்தடுத்து வைக்கிறது. திரைவிமர்சகர் எல்விஸ் மிட்செல், திரைப்படக் கலைஞர் சாம் பொல்லார்ட் போன்றோரின் கூரிய பேச்சும் துணைநிற்கிறது. ஆனால் பக்கத்தில் வைப்பது சான்றாகிவிடாது. காலத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வேண்டிய தேவையே இல்லை. அந்த நிழற்படங்களின் சொரசொரத்த பரப்பில் அது ஏற்கெனவே இருக்கிறது.

ரொமேரோ இயக்குநர் மட்டுமல்லர். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவருடையவை. நடிகர் தேர்வைப் பற்றி அவர் வாய் சொன்னதை மறுக்க எனக்குக் காரணமில்லை. முடிவைப் பற்றிப் பேச வேண்டியது தொகுப்பு மேசையில் இருந்த அவர் கை. பென் விழுந்ததும் அசைவை நிறுத்தி, தீ பற்றியதும் மீண்டும் அசையவிட்ட கை அது.